ஆலாக்கள் திரும்பி நின்ற பக்கம்

ரொறன்ரோ
12.02.1984

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நான் சுகம். உங்கள் சுகத்தை அறிய ஆவல் என்று அடுத்த வரி எழுத வேண்டுமாம். சொன்னவர் நவரட்ணம், என்னோடு ஒரே அறையில் இருக்கிற யாழ்ப்பாணத்தார். ஊரில் சங்கக்கடை மனேஜர். இங்கே மிசிசாகாவில் விமான நிலையத்தில் தளம் துடைக்கிறார். தும்புக்கட்டையைப் பிடிக்கத் தெரியாதவர் எனக்குக் கடிதம் எழுதப் பாடம் நடத்துகிறார்.

வேலை கிடைத்துவிட்டது. மில்லிக்கன் என்ற இடத்தில், ஒரு வரிசைக் கடைகளின் கடைசிக் கடை. சுழியோடிகளுக்கு உடுப்பும் சிலிண்டரும் விற்கிறார்கள். அக்கா, சிரிக்காதேயுங்கள், இந்தச் சனம் மாசி மாதத்தில் ஏரியின் ஐஸை வாளால் அறுத்து, ஓட்டை போட்டு, அதற்குள் இறங்குகிறது. அடியில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒரு பழைய தோணி இருக்கிறதாம். நம் புறாத்தீவில் முழங்கால் தண்ணீரில் நின்று குனிந்தாலே முருகைக்கல்லும் அதற்குள் நூறு நிற மீனும் தெரியும். இவர்கள் ஒரு பழைய தோணிக்காக விறைத்துச் சாகிறார்கள்.

முதலாளி கோர்டன் என்னைக் கேட்டான், "நீ சுழியோடுவியா?" "இல்லை. சுழியோடுகிறவனுக்குக் காற்று அடைக்கிறவன்" என்றேன். கொம்பிரசரைக் காட்டினான். மூன்று நிமிடத்தில் அதில் உள்ள நான்கு பிழைகளைச் சொன்னேன். அன்றே சாவி தந்தான்.

ஸ்பானரும் சுத்தியலும் கிடக்கிற எனது ரூல் பெட்டியைப் பத்திரமாக வைக்கவும். யாருக்கும் இரவல் வேண்டாம். நான் ஸ்ரெயின்லெஸ்ஸில் செய்த சாமான்களில் "ம" என்று அடித்திருக்கும். நூறு வருடம் கிடந்தாலும் துரு பிடிக்காது.

அத்தான் இன்னும் வள்ளம் இறக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். சுழியோடி அமிர்தநாதர் இறந்தது போன வருடம் யூனில். எட்டு மாதமாகிவிட்டது. தான் விட்ட பிழைக்காக எட்டு மாதம் வீட்டில் குந்தியிருந்தால் பிழை திருந்திவிடுமா? கேட்டுச் சொல்லுங்கள்.

தம்பி
மகேஸ்வரன்


நிலாவெளி
03.04.1984

அன்பான தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். அத்தானுக்குச் சளி, மற்றப்படி குறையில்லை. குளிருக்குக் காது மூடிப் போ. சின்ன வயதிலேயே உனக்குக் காது நோகும்.

உன் பெட்டி கட்டிலின் கீழ் இருக்கிறது. அத்தான் அதைத் தொடுவதில்லை. எதையுமே தொடுவதில்லை. வள்ளம் கவிழ்த்தபடி கிடக்கிறது, கோழிகள் அதற்குள் முட்டையிடுகின்றன.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வெளியே போகிறார். கரையில் மீன் வாங்கிக்கொண்டு அமிர்தநாதரின் பெண்சாதி ஜோசப்பினின் வீட்டுக்கு நடக்கிறார். வெள்ளியில் வேதக்காரர் இறைச்சி தின்னமாட்டார்கள் அல்லவா? அவள் படலைக்கு மேலாகக் கை நீட்டி வாங்குகிறாள். ஒரு சொல் பேசுவதில்லை. புருஷனைக் கொன்றவர் கொண்டுவரும் மீனை அவள் எப்படிச் சமைக்கிறாள் என்று நான் யோசிப்பேன். சமைக்கிறாளோ என்னவோ.

தம்பி, ஒன்று கேட்கிறேன். அன்றைக்குக் கொம்பிரசருக்குக் காற்று இழுக்கிற குழாயை, வள்ளம் எடுக்க முதல் இவர் திருப்பி வைத்தாரா, இல்லையா? இவருக்கு நினைவில்லை. ஒவ்வொரு நாளும் திருப்புகிற கை. படலையைக் கொளுவினோமா இல்லையா என்று நடுவழியில் நின்று யோசிக்கிற மாதிரி பத்து மாதமாக யோசிக்கிறார். "திரும்பி வந்து பார்க்கேக்க குழாய் மேற்கால கிடந்தது. அப்ப நான் மறந்திட்டன்தானே, கனகம்?" என்று இருந்தாற்போல் கேட்கிறார். நான் என்ன சொல்ல? நான் அங்கே நிற்கவில்லை. நீ நின்றாய்.

மறக்காமல் பதில் எழுது.

அக்கா
கனகாம்பிகை


ரொறன்ரோ
20.07.1984

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். காது நோகவில்லை. அத்தானின் சளிக்கு மருந்து எடுத்திருப்பார் என்று நம்புகிறேன். எடுத்திருக்கமாட்டார்.

இங்கே கோடை. கோர்டன் என்னை லெஸ்லி வீதியின் முடிவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். நகரத்தில் இடித்த கட்டடங்களின் செங்கல்லையும் கொங்கிரீற்றையும் லொறி லொறியாக ஏரிக்குள் கொட்டி, ஒரு நீளத் தரை உண்டாக்கியிருக்கிறார்கள். அதில் கடற்புறாவும் ஆலாவும் முட்டை போடுகின்றன. உடனே அது பாதுகாக்கப்பட்ட இடமாம்! கிழவிகள் தொலைநோக்கியோடு நிற்கிறார்கள். நான் தும்மினேன், ஒருத்தி வாயில் விரல் வைத்து "உஷ்" என்றாள். குப்பைமேட்டில் நின்று உஷ்.

நம் ஊரிலும் இதே கூத்துத்தான். ஆலா முட்டையிடுகிறது, எந்திரச் சத்தம் கூடாது என்று பறவைக் காவலர் சொன்னதால்தானே நல்ல வெளியான கரையில் நின்ற கொம்பிரசரைத் தூக்கி இரண்டு பாறைக்கு நடுவில் வைத்தோம்? ஒரு பக்கம் குழாய், மறுபக்கம் எஞ்சின் புகை. காற்று மாறினால் புகை நேரே குழாய்க்குள். அந்தப் புகையில் உள்ள விஷத்துக்கு மணமில்லை, நிறமில்லை. சிலிண்டருக்குள் போனால் கீழே இறங்கியவன் நித்திரை கொள்வதுபோலப் போய்விடுவான். இதை அத்தானுக்கு எத்தனை தரம் படம் கீறிக் காட்டினேன்! அவர் படத்தைப் பார்க்கவில்லை, ஆலாவைப் பார்த்தார். "உதுகள் எந்தப் பக்கம் மூஞ்சியத் திருப்புதோ, அந்தப் பக்கத்தாலதான் தம்பி காத்து வரப்போகுது." பறவையின் மூஞ்சியைப் பார்த்து பெற்றோல் எஞ்சின் ஓட்டுகிற நாடு. அதுதான் நான் இங்கே இருக்கிறேன்.

குழாய் மேற்கே கிடந்தது என்று பொலிசில் சொன்னேன். கிடந்ததைத்தான் சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகேஸ்வரன்


திருகோணமலை
17.11.1985

அன்பான தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறோம். அதையே சுகம் என்று வைத்துக்கொள். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

மேல் விலாசத்தைப் பார்த்திருப்பாய். சண்டைக்குப் பயந்து ஊரே கிளம்பிவிட்டது. பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம், ஒரு வகுப்பறைக்கு ஏழு குடும்பம். ஒரு பாயும், இரண்டு சட்டியும், உன் ரூல் பெட்டியும் கொண்டுவந்தேன். ஏன் அதைத் தூக்கினேன் என்று எனக்கே தெரியாது. பாரம்.

கரும்பலகைக்குக் கீழே நாங்கள், யன்னல் பக்கம் ஜோசப்பின். வேறு இடமில்லை. அத்தான் அந்த அறைக்குள் படுப்பதில்லை. மழையிலும் வெளி விறாந்தையில்தான். நேற்று சோற்று வரிசையில் அவருக்குப் பின்னால் அவள் நின்றாள். இவர் விலகி வரிசையின் கடைசிக்குப் போனார். அவளும் விட்டுவிட்டுக் கடைசிக்குப் போனாள், இவர் முன்னால் நிற்கட்டும் என்றோ, இவரோடு நிற்கப் பிடிக்காமலோ தெரியாது. இரண்டு பேரும் சாப்பிடவில்லை. சோறு முடிந்துவிட்டது.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. குப்பைமேட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாய். குழாய் எங்கே கிடந்தது என்று நான் கேட்கவில்லை. இவர் போகும்போது திருப்பினாரா? ஓம் அல்லது இல்லை, ஒரு சொல் போதும். மறந்ததுதான் என்றால் அதையும் எழுது. அந்த மனிதர் தலையில் போட்டுக்கொண்டு மற்ற வேலையைப் பார்ப்பார். இது நடுவில் நிற்கிறது, தம்பி.

அக்கா


ரொறன்ரோ
09.01.1986

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருப்பதை வாசித்து நவரட்ணம் அழுதார். நான் அழவில்லை, ஒரு இமிக்கிரேசன் வக்கீலைப் போய்ப் பார்த்தேன். அழுதால் படிவம் நிரம்பாது. இரண்டு பேரின் பிறப்புச் சான்றிதழ்களையும் அனுப்புங்கள். அத்தான் மாட்டேன் என்பார். என்ன இருக்கிறது அங்கே அவருக்கு? கவிழ்த்த வள்ளமும் கோழி முட்டையுமா?

போன வாரம் கடையில் படம் காட்டினார்கள். ஒரு பல்வைத்தியன் வெப்பநாட்டுத் தீவு ஒன்றுக்குப் போய் வந்திருக்கிறான். தோளில் எரிந்த தோல் உரிய உரிய நின்று விளக்கம் சொன்னான்: "இந்தத் தீவில் ஆட்களே இல்லை. சுத்தமான சொர்க்கம்." படத்தின் ஒரு மூலையில் அவனுடைய சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு ஒரு கறுத்த மனிதன் தண்ணீருக்குள் நிற்கிறான். அவன் ஆள் கணக்கில் இல்லைப்போல. ஒருத்தி என்னைக் கேட்டாள், உன் ஊரிலும் இப்படித் தீவு உண்டா, அங்கே மலசலகூட வசதி எப்படி என்று. கடல் முழுக்க என்றேன். கோர்டன் மேசைக்குக் கீழால் காலில் உதைத்தான்.

என் சம்பளத்தைக் கூட்டியிருக்கிறான். இந்த மாகாணத்திலேயே சுத்தமான காற்று எங்கள் கடையில்தான் என்று கண்ணாடியில் எழுதி ஒட்டியிருக்கிறான். எழுத்து கோணல்.

சான்றிதழ்களை அனுப்புங்கள். மற்றதெல்லாம் பழங்கதை.

மகேஸ்வரன்


ரொறன்ரோ
23.11.1986

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? பத்து மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. தபால் வராததா, நீங்கள் எழுதாததா தெரியவில்லை. செஞ்சிலுவைக்காரரிடம் கேட்டேன். உங்கள் பெயர்கள் பள்ளிக்கூடப் பட்டியலில் இருக்கிறதாம். சரி.

எழுத ஒன்றுமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை கடையின் பின்பக்கம் போனேன். பாண் கொண்டுவருகிற லொறி ஒன்று எஞ்சினை நிறுத்தாமல் நின்றது. சாரதி குளிருக்கு உள்ளே ஹீற்றரைப் போட்டுக்கொண்டு பேப்பர் வாசிக்கிறான். அவனுடைய புகைக்குழாய்க்கு நேரே மேலே எங்கள் சுவரில் காற்று இழுக்கிற வாய். உள்ளே கொம்பிரசர் ஓடிக்கொண்டிருந்தது.

நிரப்பி வைத்த பதினாறு சிலிண்டர்களையும் திறந்துவிட்டேன். அவ்வளவும் ஒரேயடியாகச் சீறியதில் பக்கத்துச் சீனக் கடைக்காரன் பொலிசைக் கூப்பிட ஓடினான். கோர்டன் வந்து கத்தினான்.

"பைத்தியமா உனக்கு? அஞ்சு நிமிசம்தானே லொறி நிண்டது!"

"அஞ்சு நிமிசம் போதும்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

நான் வெறுமையான சிலிண்டர்களை எடுத்து அடுக்கினேன். பிறகு, "சரி, திரும்ப நிரப்பு" என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த நாள் குழாயைக் கூரைக்கு மேல் ஏற்றினேன். எல்லோருக்கும் நான் இப்போது வீரன். பல்வைத்தியன் கை தருகிறான். மடையன்கள்.

லெஸ்லி வீதிப் பக்கம் தனியே ஒருநாள் போனேன். குளிருக்கு ஆலாக்கள் போய்விட்டன. கடற்புறாக்கள் மட்டும் ஆயிரம் நின்றன. எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி.

எழுதுங்கள்.

மகேஸ்வரன்


நிலாவெளி
05.02.1988

அன்பான தம்பிக்கு,

எல்லோரும் சுகம். நீ சுகமா, மெலிந்துவிட்டாயா, படம் ஒன்று அனுப்பு.

ஊருக்கு வந்துவிட்டோம். கூரை இல்லை, தகரம் போட்டிருக்கிறோம். தபால் இப்போது ஓடுகிறது. உன் கடிதங்கள் நான்கு ஒரே நாளில் கிடைத்தன. நான் எழுதாமல் விட்டதும் உண்டு. பொய் சொல்லமாட்டேன்.

அத்தான் கனடாவுக்கு வரமாட்டார். வெள்ளிக்கிழமை மீனை யார் கொடுப்பார்கள் என்கிறார். இது ஐந்தாவது வருடம்.

கடலுக்குப் போக இப்போது பாஸ் கொடுக்கிறார்கள். கரையில் எல்லோரும் போகிறார்கள், இவர் மட்டும் இல்லை. போன கிழமை ஒருவர் வந்தார். பெயர் வீரக்குட்டி, மட்டக்களப்புப் பக்கத்தவர். தீவின் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த உத்தியோகத்தர். ஐந்து வருடமாக யாரும் தீவில் கால் வைக்கவில்லையாம். யூனில் ஆலா முட்டையிடும்போது போகவேண்டும், பாறைகளுக்கு இடையில் வள்ளம் விடத் தெரிந்தவர் உன் அத்தான் தங்கத்துரை ஒருவர்தான் என்று கரையில் சொல்லியிருக்கிறார்கள். இவர் எழும்பி உள்ளே போய்விட்டார். உத்தியோகத்தர் போகாமல் முற்றத்திலேயே இருந்தார். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு உள்ளேயிருந்து இவர் கேட்கிறார், "ஆலா எந்தப் பாறையில எண்டு பார்த்தனியளோ?"

நான் அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

அக்கா


ரொறன்ரோ
11.04.1988

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். படம் இத்துடன். மெலியவில்லை.

அத்தானைத் தீவுக்கு விட வேண்டாம். ஐந்து வருடம் வள்ளம் இறக்காத மனிதர், பலகை வெடித்திருக்கும், அந்தப் பாறைகளுக்குள் நீரோட்டம் மாறியிருக்கும். ஒரு அரசாங்கத்தான் பறவை எண்ணுவதற்கு இவர் ஏன் சாக வேண்டும்? எண்ணி என்ன செய்யப்போகிறான்? ஆலாவுக்கு அடையாள அட்டை கொடுக்கப்போகிறானா? முட்டையை எண்ண ஒரு திணைக்களம், மனிதரை எண்ண ஒருவருமில்லை. வீரக்குட்டியாம்! வேறு வள்ளக்காரனைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

வக்கீல் இன்னும் ஒருதரம் விண்ணப்பிக்கலாம் என்கிறார். வள்ளத்தை விறகுக்குக் கொத்திவிட்டு வரச் சொல்லுங்கள்.

கட்டாயம் தடுக்கவும்.

மகேஸ்வரன்


நிலாவெளி
19.06.1988

அன்பான தம்பிக்கு,

சுகம். உன் சுகத்துக்குப் பிள்ளையாரிடம் கேட்கிறேன். றிச்மண்ட் ஹில்லிலும் ஒரு பிள்ளையார் இருக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அவரிடம் நீயும் போ.

நீ தடுக்கச் சொன்னாய். நான் தடுக்கவில்லை. வள்ளத்தைக் கழுவி, வெடிப்பை அடைத்து, போன செவ்வாய் விடிய இறக்கினார். கரை முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. ஜோசப்பினும் தன் படலையில் நின்றாள்.

பின்னேரம் வந்தார்கள். உத்தியோகத்தருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முருகைக்கல் புதிதாய் வளர்ந்திருக்கிறதாம், ஆலாக் கூடு நூற்றிநாற்பதாம். "உங்கட அவர் பறவையின்ர மூஞ்சியப் பார்த்துக் காத்துச் சொல்லுறார் அக்கா, ஒருக்காலும் பிழைக்கேல்லை" என்றார்.

இவர் ஒன்றும் பேசவில்லை. சாரத்தின் மடியிலிருந்து ஒரு சாமானை எடுத்து என் முன்னால் வைத்தார். கொம்பிரசர் நின்ற இடத்துக்குக் கீழே, இடுப்பளவு தண்ணீரில், பாறை இடுக்கில் மினுங்கினதாம். இரண்டு வளையம், நடுவில் ஒரு பட்டை, திருகி இறுக்குகிற இரண்டு பூட்டாணி. சிப்பி ஒட்டியிருந்தது, சுரண்டினேன். துரு இல்லை. "ம" என்று அடித்திருக்கிறது. பெரிய வளையத்துக்குள் சிவப்பு ரப்பர் துண்டொன்று ஒட்டிக் கிடக்கிறது. குழாய் சிவப்புத்தானே?

இப்படியொரு சாமான் அந்தத் தீவில் இருந்ததை இவர் கண்டதே இல்லையாம். "உது அங்க என்ன செய்தது?" என்று மட்டும் கேட்டார். இப்போது இரவும் பகலும் அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருக்கிறார்.

நான் இரண்டு தரம் கேட்டு எழுதிவிட்டேன். மூன்றாம் தரம் கேட்க எனக்கு வெட்கம். அதைக் கடதாசியில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கீறி அனுப்புகிறேன். நீ படம் கீறுகிறவன், உனக்கு விளங்கும்.

அக்கா


ரொறன்ரோ
28.08.1988

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

உங்கள் சுகத்தைக் கேட்டு எழுதுகிறேன். இதுவரை அக்காவுக்கே எழுதினேன், இந்தக் கடிதம் உங்களுக்கு.

அக்கா கீறி அனுப்பிய படம் சரியான அளவில் இருக்கிறது. கிளாம்ப். சின்ன வளையம் பாறையில் இறுக்கிய கம்பிக்கு, பெரியது குழாய்க்கு. நான் செய்தது.

அன்றைக்குக் காலை பதினொரு மணி. கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. நீங்கள் சாப்பாடு எடுக்கக் கரையில் இருக்கிற ஹொட்டேலுக்கு வள்ளம் எடுக்கும் முன் குழாயைக் கிழக்கே திருப்பி வைத்தீர்கள். அத்தான், நீங்கள் மறக்கவில்லை. திருப்பினீர்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் முதுகைத் திருப்பியதும் சிரித்தேன். காற்று மேற்கிலிருந்து வீசுகிறது, மனிதர் குழாயைக் கொண்டுபோய்ப் புகைக்குள் வைக்கிறார் என்று.

வள்ளம் மறைந்த பிறகு அதைத் திரும்ப மேற்கே போட்டேன். இனி ஒருவரும் தொடக்கூடாது என்று கிளாம்ப் போட்டு, ஸ்பானரால் இறுக்கினேன். பன்னிரண்டு மணிக்கு எஞ்சினை ஓடவிட்டு, அமிர்தநாதரின் சிலிண்டரைப் பூட்டிவிட்டு, நீந்தப் போனேன். கிளாம்ப் போட்டால் ஆள் நிற்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். அரை மணித்தியாலத்தில் கிழக்கிலிருந்து கடற்காற்று எழும்பி, புகையைக் குழாய்க்குள் தள்ளியது. அந்த நேரத்தில் வீசிய காற்றுக்கு நான் செய்தது சரி. வரப்போகிற காற்றுக்கு நீங்கள் செய்தது சரி.

அந்தச் சிலிண்டரோடு இறங்கியவரைத் தூக்கிக்கொண்டு வந்து மணலில் கிடத்தியபோது எல்லோரும் அவரைச் சுற்றி நின்றீர்கள். நான் பாறைக்குப் பின்னால் கிளாம்பைக் கழற்றி எறிந்தேன். பிறகு வந்து உங்களிடம், "திருப்ப மறந்திட்டியளோ அத்தான்?" என்று கேட்டேன். நீங்கள் உங்கள் கையைப் பார்த்தீர்கள். மற்ற வேலை முழுவதையும் உங்கள் கையே செய்துவிட்டது. நான் பொலிசில் பொய்கூடச் சொல்லத் தேவை வரவில்லை.

இன்னொன்று. பதினொன்றரைக்கு, கிளாம்பை இறுக்கிவிட்டு நிமிர்ந்தேன். பாறையில் ஆலாக்கள் எல்லாம் கிழக்கே திரும்பி நின்றன. கண்டேன். குனிந்து பூட்டாணியை இன்னும் அரைச் சுற்று இறுக்கினேன்.

ஜோசப்பின் அக்காவுக்கு இதே விபரத்தை வேறாக எழுதி நேரே தபாலில் போட்டிருக்கிறேன். கோர்டனுக்கும் சொன்னேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போ என்றான். வைத்தேன். மிசிசாகாவில் தளம் துடைக்க இடம் இருக்கிறதாம், நவரட்ணம் தும்புக்கட்டை பிடிக்கக் காட்டித் தருவாராம்.

எழுத இரண்டு மாதம் பிடித்தது. ஐந்து வருடமும் இரண்டு மாதமும்.

மகேஸ்வரன்


நிலாவெளி
02.10.1988

மகேஸ்வரன்,

கடிதம் வந்தது. கனகம் பாதியில் வாசிக்கமாட்டேன் என்று என் கையில் தந்துவிட்டாள். மீதியை நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். அவள் உனக்கு எழுத இன்னும் நாள் செல்லும். உன் ரூல் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்திருக்கிறாள். நான் உள்ளே எடுத்து வைத்தேன். மழை வரப்போகிறது.

அப்படியென்றால் நான் திருப்பியிருக்கிறேன். அதைத் தெரிந்துகொள்ளாமலே செத்திருப்பேன்.

ஜோசப்பினுக்கும் உன் கடிதம் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மீனோடு போனேன். படலை திறந்து கிடந்தது. இந்த ஐந்து வருடமாக நான் அதைத் திறந்து காணவில்லை. "உள்ளுக்கு வாங்கோ அண்ணை" என்றாள். உள்ளே போய் நின்றேன், இருக்கவில்லை. "இனி நீங்க மீன் கொண்டுவரத் தேவையில்ல" என்றாள். "இது வாங்கின மீனில்லப் பிள்ளை. நான் பிடிச்சது" என்றேன். வாங்கினாள். மீனைக் கழுவிக்கொண்டு நின்று நெடுநேரம் அழுதாள். நான் கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன்.

நீ செய்த சாமானை வள்ளத்தின் சுக்கானுக்குப் போட்டிருக்கிறேன். நல்ல வேலை. ஆடாமல் பிடிக்கிறது.

தொடக்கத்தில் நான் உன் சுகம் கேட்டு எழுதவில்லை. அது மறதி இல்லை.

தங்கத்துரை